செவ்வந்தி வீட்டுக்கு வந்த டாக்டரம்மா

நூலகர் வேலைக்கு நிறையப் படித்திருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பொய் சொல்கிறவர் முகம் எந்தப் பக்கம் கோணும் என்று தெரிந்திருந்தால் போதும். புத்தகத்தை இரவல் கொடுத்து, திரும்ப வாங்கப் பத்துத் தடவை நடந்து, கடைசியில் நீங்களே மன்னிப்புக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு வந்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் என் இனம். உட்காருங்கள்.

எழுபதுகளில், கேரள எல்லைக்குள், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எங்கள் ஊர் வாயனசாலையில் எனக்கு வேலை. நூலகத்துக்கு எங்கள் பக்கம் அப்படித்தான் பெயர். பேசுகிறதெல்லாம் தமிழ், அலமாரி ஆறில் ஐந்து மலையாளம். ஆண்கள் வந்து பேப்பர் படிப்பார்கள், படித்ததைப் பற்றிச் சண்டை போடுவார்கள். பெண்கள் படியேற மாட்டார்கள். அதனால் கமிட்டி கூடி, புத்தகத்தை வீட்டுக்கே கொண்டு போய்க் கொடுப்பது என்று முடிவெடுத்தது. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ், வயது இருபத்திரண்டு, நடக்கக் கால் இருக்கிறது என்ற மூன்று தகுதிகளுக்காகத் தங்கமணியாகிய என்னைப் பிடித்துப் போட்டார்கள். புதன்கிழமையும் சனிக்கிழமையும் துணிப்பை நிறையப் புத்தகத்தோடு தோட்டம் தோட்டமாக நடந்தேன். இரண்டு முறை நாய் கடித்தது. இரண்டும் கமிட்டி செக்ரட்டரி வீட்டு நாய்.

நீல அட்டைப் புத்தகம்

எங்கள் ஊரில் எந்த நாவலுக்கும் பெயர் கிடையாது. ராப்பகலாக உட்கார்ந்து யோசித்து ஒருவர் தலைப்பு வைத்திருப்பார். இவர்களுக்கு அது "நீல அட்டை", "அழுவாச்சிக் கதை", "போன வாட்டி எம்பட மச்சினிச்சி படிச்சாளே அது". நான் ரெஜிஸ்டரை விரித்து வைத்துக்கொண்டு, "பேரைச் சொல்லுங்கக்கா" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். கடைசியில் நானும் அவர்கள் வழிக்கே போய்விட்டேன். அதிகம் ஓடியவை இரண்டு. ஒன்று "டாக்டரம்மா கதை": ஒரு சின்ன ஊருக்கு வரும் லேடி டாக்டர், மருந்து கொடுக்கிற நேரத்தைவிட ஊர்ப் பெரிய மனிதர்களை வாசலில் நிறுத்தித் திட்டுகிற நேரம் அதிகம். இன்னொன்று "கப்பல்காரன் கதை": கல்யாணமான மூன்றாம் மாதம் ஒருவன் கப்பலேறிப் போகிறான், அவன் மனைவி செவ்வந்தி இரண்டு பாகமாகக் கடற்கரைப் பாறையில் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டாம் பாகத்தின் பின்னட்டையில் "மூன்றாம் பாகம் விரைவில்" என்று போட்டிருந்தது. அந்த "விரைவில்" என்ற சொல்லை அச்சுக்கோத்தவர் கையில் கிடைத்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. இரண்டு வருடம், போகிற வீட்டிலெல்லாம் என்னைப் பிடித்து உலுக்கினார்கள்.

ராமாத்தாள் அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது. நாலு ஏக்கர் கடலைக்காட்டை ஒற்றை ஆளாகக் கட்டி மேய்க்கிறவர். அவரிடம் ஒரு புதன்கிழமை பொறுமையை விட்டுவிட்டேன். "அக்கா, அதை எழுதுனவரு எழுதோணும், அச்சடிக்கோணும், அது கோயமுத்தூருக்கு வரோணும், நம்ம செக்ரட்டரி பஸ் ஏறிப் போய் வாங்கோணும். நானா எழுதறேன்?" என்று நடுக்காட்டில் நின்று கத்தினேன். கைவேலையை நிறுத்தாமல் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "அதெல்லாஞ் சரீங்கம்மிணி. இன்னிக்குப் பொழுதோட வந்துருமா?"

கிழிந்த எட்டாம் அத்தியாயம்

டாக்டரம்மா கதையில் எட்டாம் அத்தியாயத்தில் ஒரு பக்கம் காணாமல் போனது. பண்ணையாரைத் திண்டாட வைத்து டாக்டரம்மா பேசுகிற பக்கம். அடுத்து வாங்கின ஒவ்வொருவரும் ஏதோ நான்தான் தின்றுவிட்ட மாதிரி என்னைக் கேட்டார்கள். ரெஜிஸ்டரை வைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். மூன்று வீடுகளில் "எங்களுக்கு வந்தப்பவே இல்லீங்க." நான்காவது வீடு பாப்பாத்தியுடையது. வாசலில் என்னைப் பார்த்ததுமே முகம் இடது பக்கம் கோணியது.

நேரே உள்ளே போனேன். சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில், சோற்றுப் பசை தடவி, சுருக்கமில்லாமல், நம்முடைய பக்கம். மூலையில் மஞ்சள் அரைத்த கையின் தடம் வேறு. வந்த கோபத்தில் எனக்கு வார்த்தை தடுக்கியது. பொதுச்சொத்து, வெட்கமில்லையா, இன்னொருத்தர் படிக்க வேண்டாமா என்று என்னென்னவோ சொன்னேன். பாப்பாத்தி தலையைக் குனிந்துகொண்டுதான் நின்றாள், ஆனால் பக்கத்தைப் பிய்த்துத் தரவில்லை. "எங்கூட்டுல பதினோரு பேருங்க. நறுக்குன்னு நாலு வார்த்த பேசறதுக்கு ஒரு பொம்பள வேணுமுங்களே. அதான் ஒட்டி வெச்சுக்கிட்டேன்."

கடலை ஆய்கிற இடத்தில்

ஒரு சனிக்கிழமை ராமாத்தாள் அக்காவின் காட்டில், வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கடலைக்கொடியில் காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். பாப்பாத்தியும் இருந்தாள். மூன்றாவதாக ருக்குமணி. இவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயது இருபத்தாறு. புருஷன் லாரி வேலைக்கென்று பம்பாய் போய் நாலு வருடம். முதல் வருடம் இரண்டு கடிதம். அதற்குப் பிறகு இல்லை. மாமியாரோடு இருந்தாள். "பொறுமையின்னா ருக்குமணிதான்" என்று ஊரே புகழும். புகழ்ந்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடும்.

அன்றைக்குப் பேச்சை ஆரம்பித்ததும் அவள்தான். "ஏனுங்க, அந்த டாக்டரம்மாளை ஒரு நாளைக்குச் செவ்வந்தி ஊட்டுக்கு அனுப்பி வெச்சா எப்படி இருக்கும்?" அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. எந்தக் கதை, எந்தக் காலம் என்று ஒரு கணக்கும் இல்லை. செவ்வந்தியின் மாமியாரை டாக்டரம்மா எப்படி மடக்குவாள் என்று ராமாத்தாள் அக்கா குரல் மாற்றிப் பேசிக் காட்டினார். இது போதாது, துப்பறியும் கதையில் வருகிறானே சுருட்டுக்காரன், அவனையும் கூட்டி வந்து கப்பலைத் தேட விட வேண்டும் என்றாள் பாப்பாத்தி. "கப்பல் முழுகவே இல்லீங்க. அவன் எங்கியோ இன்னொரு குடும்பம் வெச்சிருக்கறான்" என்று அவள் அடித்துச் சொன்னபோது ராமாத்தாள் அக்கா அவளைக் காலால் ஒரு இடி இடித்தார். எல்லோரும் ருக்குமணியைப் பார்க்காமல் கடலையைப் பார்த்தோம்.

எனக்கு எரிச்சல். பன்னிரண்டு வீடு பாக்கி இருக்கிறது, இவர்கள் இல்லாத ஆட்களை இல்லாத ஊருக்கு வண்டி கட்டி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். "வந்து டாக்டரம்மா என்னதான் பண்ணுவாங்களாம்?" என்று வெடுக்கென்று கேட்டேன். ருக்குமணி நிமிராமல் சொன்னாள்: "மொதல்ல சோறு போடச் சொல்லுவாங்க. செவ்வந்தி ரெண்டு பாகமா ஒண்ணுமே திங்கலீங்க."

பென்சில்

வருடக் கணக்கெடுப்பின்போது செக்ரட்டரி கூப்பிட்டு அனுப்பினார். எங்கள் செக்ரட்டரி தமிழர்தான், கரும்புத் தோட்டக்காரர். ஆனால் கோபம் வந்தால் மலையாளத்துக்கு மாறிவிடுவார். அதில்தான் அதிகாரம் இருக்கிறது என்று அவருக்கு எண்ணம். கப்பல்காரன் கதை இரண்டாம் பாகத்தைக் கடைசியில் திறந்து என் முன்னால் போட்டார். முடிவுக்குப் பிறகு நான்கு வெற்றுப் பக்கங்கள் உண்டு. நான்கிலும் பென்சிலால் நெருக்கி எழுதியிருந்தது. டாக்டரம்மா ரேக்ளா வண்டியில் வந்து இறங்குகிறாள், செவ்வந்தியின் நாடியைப் பிடிக்கிறாள், "இந்தப் பெண்ணுக்கு நோய் இல்லை, பசி. முதலில் இலை போடுங்கள்" என்கிறாள்.

"இது பொதுமுதலாணு!" என்று, பொதுச்சொத்து என்பதை மலையாளத்தில் சொல்லி மேசையைத் தட்டினார். வீட்டுக்கு வீடு புத்தகத்தைக் கொண்டு போகிறவள் நான், ஒழுங்காக எழுதத் தெரிந்தவள் நான், ஆகவே எழுதியதும் நான் என்பது அவர் கணக்கு. என் கையெழுத்தைப் பாருங்கள் என்று ரெஜிஸ்டரைக் காட்டினேன். மாற்றி எழுதியிருப்பாய் என்றார். கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்காமல் திரும்ப வாங்கி வைத்தது என் தப்பு. அதை நினைக்க நினைக்க அவர் மேல் இருந்த கோபம் என் மேலும் திரும்பியது. செக்ரட்டரி ஒரு வாரம் தவணை கொடுத்துவிட்டுத் தமிழுக்கு வந்தார்: "எழுதுனது ஆருன்னு எனக்குத் தெரிஞ்சாகோணும். தெரியலீன்னா எழுதுனது நீதான்."

மூன்று கையெழுத்து

அன்றைய வெயிலில் நான் நடந்த நடைக்கு நாய்களே ஒதுங்கி நின்றன. புத்தகத்தை நன்றாகப் பார்த்தபோது கையெழுத்து ஒன்றல்ல, மூன்று. முதலாவது சின்னதாக, வரி நேராக. இரண்டாவது சாய்ந்து ஓடுகிறது. சுருட்டுக்காரன் அதில்தான் வருகிறான். மூன்றாவது மூன்றாம் வகுப்போடு நின்றவர் எழுத்து, ஒவ்வொன்றும் கடலைக்காய் அளவு. எனக்கு யாரையும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை.

மூவரையும் அதே வேப்பமரத்தடியில் நிறுத்தி வைத்துக் கேட்டேன். ஒருத்தியாவது "நான் இல்லை" என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். மறுத்திருந்தால் கத்துவதற்கு வசதியாக இருந்திருக்கும். ருக்குமணி, "நாந்தான் ஆரம்பிச்சேனுங்க" என்றாள். பாப்பாத்தி, "எங்கிட்ட வந்தப்ப டாக்டரம்மா வாசல்லயே நின்னுக்கிட்டு இருந்தாங்க, அப்படியே உட்டுற முடியுமா?" என்றாள். என் வேலை போகப் போகிறது, தெரியுமா என்று கேட்டேன். ராமாத்தாள் அக்கா கிட்டே வந்து என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, ஏதோ தானம் கொடுத்தவர் போலச் சொன்னார்: "வெள்ளையா நாலு பக்கம் சும்மா கெடந்துதுங்கம்மிணி. வீணாப் போகுதேன்னு எழுதுனோம்."

சாட்சியம்

பெயர்களைச் சொல்ல மாட்டேன் என்று கமிட்டியில் சொல்லிவிட்டேன். ருக்குமணியின் பெயர் வெளியே வந்தால் அவள் மாமியார் புத்தகத்தை மட்டுமா நிறுத்துவார்? செக்ரட்டரி, "அப்படீன்னா கேளுங்க, நம்ம ஊட்டுப் பொம்பளைங்க என்ன எழுதறாங்கன்னு எல்லாரும் கேளுங்க" என்று எழுந்து நின்று, குற்றப்பத்திரிகை வாசிக்கிற தோரணையில் பென்சில் பக்கங்களைப் படிக்க ஆரம்பித்தார். கமிட்டியில் ஏழு பேர். முதல் பக்கத்தில் இரண்டு பேர் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் பக்கத்தில் மடிக்கிற கை நின்றது. மூன்றாம் பக்கத்தில், சுருட்டுக்காரன் ஏதோ ஒரு தீவில் கப்பல்காரனை வெற்றிலைக் கடையில் கண்டுபிடிக்கிற இடத்தில், ஒருவர் "அடப் பாவி" என்றார். நான்காம் பக்கத்தின் கடைசி வரியில் செவ்வந்தியின் மாமியார் டாக்டரம்மாளைப் பார்த்து, "எங்கள் வீட்டு நியாயத்தில் தலையிட நீ யார்?" என்று கேட்கிறாள். அத்தோடு தாள் தீர்ந்தது.

செக்ரட்டரி புத்தகத்தை மூடிவிட்டு எல்லோரையும் பார்த்தார். கமிட்டியில் மூத்தவர் சுப்பையக் கவுண்டர். தென்னந்தோப்புக்காரர், ஒரு எழுத்துப் படிக்கத் தெரியாது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர்தான் கேட்டார்: "நிறுத்தீட்டீங்களே. அதுக்கு அந்த டாக்டர் புள்ள என்ன சொல்லுச்சு?"

பயனுள்ள நூல்கள்

இதைக் கேட்டுவிட்டு எல்லாம் சுபமாக முடிந்தது என்று நினைத்தால் உங்களுக்குக் கமிட்டிகளைத் தெரியாது. ரசித்துக் கேட்ட அதே ஏழு பேரில் ஐந்து பேர் கை தூக்கினார்கள். இனி வீடுகளுக்கு நாவல் போகாது, பயனுள்ள நூல்கள் மட்டும். என் வேலை நிற்க வேண்டுமானால், பென்சில் எழுத்தை நான் என் கையாலேயே அழித்துத் தர வேண்டும். சுப்பையக் கவுண்டர் கை தூக்கவில்லை. ஆனால் ஒன்றும் சொல்லவும் இல்லை.

ரப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று பேர் மேலும் எனக்கு ஆத்திரம் இருந்தது, தேய்த்தேன். கை ஓய்ந்ததுதான் மிச்சம். கரி போயிற்று, எழுத்து போகவில்லை. அப்படி அழுத்தி எழுதியிருக்கிறார்கள். தாளைச் சாய்த்துப் பிடித்தால் பள்ளம் பள்ளமாக அத்தனையும் தெரிந்தது. "அழிச்சாச்சு" என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த புதன்கிழமை பையில் சமையல், பக்தி, பூச்சிக்கொல்லி, உரமிடும் முறைகள். ஒரு வீட்டில்கூடக் கையால் தொடவில்லை. என்னைப் பார்த்து வாசலுக்கு ஓடி வருகிறவர்கள், பையைப் பார்த்ததும் அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே போனார்கள். ராமாத்தாள் அக்கா மட்டும் உரப் புத்தகத்தை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு நீட்டினார்: "எருவைப் பத்திப் படிக்கறதுக்கு எனக்கெதுக்குங்க புஸ்தகம்? எருவுலதான நின்னுக்கிட்டிருக்கறேன்."

மூன்றாம் பாகம்

கப்பல்காரன் கதை மூன்றாம் பாகம் வந்துவிட்டது என்ற செய்தியை எனக்குச் சொன்னவர் கோயமுத்தூர் பஸ்ஸின் கண்டக்டர். செக்ரட்டரி புத்தகக் கட்டோடு ஏறி, வேலந்தாவளம் வரும்வரை தலை நிமிராமல் படித்துக்கொண்டு வந்தாராம். இது நடந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. ரெஜிஸ்டரில் அந்தப் புத்தகம் ஏறவே இல்லை. நேரே அவர் வீட்டுக்குப் போனேன். முன்கட்டில் நாற்காலியில் மூன்றாம் பாகம் குப்புறக் கிடந்தது. "பரிசோதிக்கறேன்" என்றார். "பொம்பளைங்க கைக்குப் போற புஸ்தகம், பார்க்க வேண்டாமா?" ஏழு வாரமாகவா என்று கேட்டேன். நடவு, வெட்டு, ஆள் பற்றாக்குறை என்று அடுக்கினார். நான் கையை நீட்டியதும் புத்தகத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கெஞ்சாத குறையாகச் சொன்னார்: "இன்னும் நாலு அத்தியாயந்தான் அம்மிணி. முடிவை மட்டும் ஆரும் எங்கிட்டச் சொல்லிராதீங்க."

பெஞ்சு

அன்று இரவு முழுக்கக் கோபத்தில் புரண்டு படுத்துவிட்டு, காலையில் வாயனசாலையின் சட்டப் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். நாவலை வீட்டுக்குக் கொண்டு போகத்தான் தடை. அங்கத்தினர் யாரானாலும் நேரில் வந்து கேட்டால் கொடுத்தாக வேண்டும். இதை மூன்று பேரிடமும் போய்ச் சொன்னேன். சொன்னேனே தவிர, வருவார்கள் என்று நினைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மூவரும் வந்தார்கள். ராமாத்தாள் அக்கா முன்னால், தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு. பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஆண்கள் பெஞ்சின் ஒரு கோடிக்கு நகர்ந்தார்கள். ஆள் போய்ச் சொல்லி, செக்ரட்டரி புத்தகத்தோடு வந்தபோது அவர் முகம் எந்தப் பக்கம் கோணியிருந்தது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

ருக்குமணி சத்தமாகப் படித்தாள். நடுவில் இருக்கிறதையெல்லாம் தள்ளிவிட்டு, கடைசி நான்கு அத்தியாயம். செக்ரட்டரி வாசலிலேயே நின்று கேட்டார். கப்பல்காரன் வருகிறான். பெட்டி பெட்டியாகப் பொன்னோடு வருகிறான். எங்கே இருந்தான், ஏன் ஒரு செய்தி அனுப்பவில்லை என்று ஒரு வரி கிடையாது. பன்னிரண்டு வருடம் உட்கார்ந்திருந்த பாறையிலிருந்து செவ்வந்தி எழுந்து ஓடிப்போய்க் காலில் விழுகிறாள். அவன் அவளை மன்னிக்கிறான். எதற்கு மன்னிக்கிறான் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அழுது முகம் கறுத்துவிட்டதற்காம். சுபம்.

இதற்காகவா இரண்டு வருடம்? எனக்குக் காது சூடாகிவிட்டது. பாப்பாத்தி எழுதியவரை ஒரு சொல் சொன்னாள். அதை இங்கே அச்சடிக்க மாட்டார்கள். ருக்குமணி புத்தகத்தை மூடவில்லை. அந்தக் கடைசிப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, அத்தனை ஆண்களும் கேட்க, நிதானமாகச் சொன்னாள்: "அவன் வந்தா வரட்டுமுங்க. இவ எதுக்கு எந்திரிச்சா?"

திட்டு

இரண்டு மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை, ருக்குமணியின் மாமியார் என்னைத் தன் வீட்டு வேலியோரம் மறித்தார். மருமகள் பக்கத்து ஊர் பால்வாடியில் ஆயா வேலைக்கு எழுதிப் போட்டு, அது கிடைத்தும் விட்டது. மறுநாள் காலையிலிருந்து போகிறாள். கேட்டால் பதில் பேசுகிறாள். வயிறு நிறையச் சாப்பிடுகிறாள். எல்லாவற்றுக்கும் நான்தான் காரணம். "புஸ்தகத்தைக் கொடுத்துக் கொடுத்து எம்மருமகளைக் கெடுத்துப் போட்டியே!" என்று கையை ஆட்டி ஆட்டித் திட்டினார். நான் வாயைத் திறந்தேன். எத்தனை வருடமாகச் சேர்த்து வைத்த கோபம், எல்லாம் அந்த அம்மாளுக்கே என்று கொட்டியிருப்பேன். ஆனால் அந்த முகம் கோணவே இல்லை. மகன் எங்கே இருக்கிறான் என்று அந்த அம்மாளுக்கும்தான் தெரியாது. திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

"நாளைக்கு எம் பையன் வந்து, எம் பொண்டாட்டி எங்கேன்னு கேட்டா நான் என்னன்னு சொல்றது?" என்று கடைசியாகக் கேட்டார். வேலிக்கு உள்ளேயிருந்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த ருக்குமணிதான் பதில் சொன்னாள்: "கேக்கறதுக்கு அவிய வரட்டுமுங்க அத்தை, அதுவே போதும்."

நாவலை எழுதினவருக்கு மாலை, அச்சடித்தவருக்கு வரும்படி, இரண்டு பேரும் செய்த காரியத்துக்கு வீடு வீடாகப் போய் வசவு வாங்கி வருகிறவருக்கு நூலகர் என்று பெயர்.